தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள், குடிக்க விடுகிறார்களா?

சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வந்ததும் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் இருந்து பல குடும்பங்கள் கண்டிப் பக்கம் வண்டி ஏறும். 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களால் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போனவர்களின் உறவுகள் இன்னும் கலஹாவிலும் தெல்தோட்டையிலும் புசல்லாவையிலும் இருக்கின்றன. போகிறவர்கள் "மலைநாடுதானே, குளிராக இருக்கும்" என்று நினைத்துப் போவார்கள். நுவரெலியா என்றால் அது சரி, அது கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல். கண்டி நகரமோ 500 மீற்றர் அளவில்தான் இருக்கிறது. அதுவும் நாலா பக்கமும் மலை சூழ்ந்த கிண்ணத்தின் அடியில்.

ஏப்ரல் 5ஆம் திகதியிலிருந்து 15ஆம் திகதி வரையான நாட்களில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே உச்சம் கொடுக்கிறது. கண்டிக்கு அது 8ஆம் திகதியளவில், நண்பகல் 12.10 மணியளவில். இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலம் என்பதால் காற்று ஓடாது. பின்னேரம் இடியுடன் மழை வரும். அதற்கு முன் காற்றில் ஈரப்பதன் ஏறி நிற்கும். நமது உடல் சூட்டை இறக்குவது வியர்வையால் அல்ல, வியர்வை உலர்வதால். ஈரக் காற்றில் வியர்வை உலராமல் வழிந்துகொண்டே இருக்கும், உள்ளே சூடு ஏறிக்கொண்டே இருக்கும். வெப்பமானி 32 பாகை காட்டும்போது உடம்புக்கு 38, 40 போலத் தெரிவது இதனால்தான். வளிமண்டலவியல் திணைக்களம் 'வெப்பச் சுட்டெண்' என்ற பெயரில் எச்சரிக்கை விடுவது இந்த உணரப்படும் வெப்பத்தைப் பற்றி.

அந்த எச்சரிக்கையோடு சில அறிவுரைகளும் வரும். வேலைத்தளத்தில் தண்ணீர் அருந்துங்கள், இயன்றவரை அடிக்கடி நிழலில் ஓய்வெடுங்கள், கடும் உழைப்பைக் குறையுங்கள், வெள்ளை அல்லது வெளிர் நிற மெல்லிய ஆடை அணியுங்கள். எல்லாம் சரியான அறிவுரைதான். ஆனால் அதைக் கேட்பவரின் நேரம் அவர் கையில் இருக்கிறதா?

மற்றவர்களின் விடுமுறைக் காலம் கண்டி நகரத்துக் கடைகளில் நிற்கும் பிள்ளைகளுக்கு வருடத்தின் மிகக் கடினமான வேலைக்காலம். புடவைக் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்பவர்களில் சுற்றியுள்ள தோட்டங்களின் பிள்ளைகள் நிறையப் பேர். சனம் நெருக்கியடிக்கும் மாடியில் நாள் முழுக்க நின்றபடி வேலை. வாடிக்கையாளரை விட்டு நகர்ந்தால் ஏச்சு. மலசலகூடத்துக்குப் போவதற்கும் கேட்க வேண்டும் என்றால் ஒரு பெண் என்ன செய்வாள்? தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவாள். கேட்கக் கூச்சம், அவ்வளவுதான் காரணம். தலையிடி, சிறுநீர் எரிவு, தொற்று எல்லாம் பிறகு வரும். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி சாதாரண வேலை நாள் 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேல் வாங்கினால் மேலதிகக் கொடுப்பனவு கொடுக்க வேண்டும். புத்தாண்டு வியாபாரம் என்ற சொல்லின் முன்னால் இவை மறந்துபோகின்றன. தமிழ்நாட்டில் 2021இல் கடைச் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் உட்கார இருக்கை கொடுப்பதைக் கட்டாயமாக்கினார்கள். உட்காருவதற்கே ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது.

தோட்டத்தில் நிலைமை வேறு விதம். வெயில் காலத்தில் தேயிலை மெதுவாகத்தான் துளிர்க்கும். ஆனால் முழுப் பேர் விழ வேண்டிய கிலோ அளவு பெரும்பாலும் அப்படியே இருக்கும். குறைந்தால் அரைப்பேர். ஆகவே கொழுந்து குறைந்த நாளில் கூடுதலாக மலை ஏறி இறங்க வேண்டும். இடுப்பில் படங்கு, முதுகில் கூடை, தலைக்கு மேல் வெயில். நிழலில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் அது கிலோக் கணக்கில் குறையும். கொழுந்து மலைகளில் பெண்களுக்கு மலசலகூடம் இல்லாத குறை மிகப் பழையது. அதனால் அங்கும் தண்ணீர்ப் போத்தல் பாதியோடு திரும்பி வருகிறது. "தண்ணீர் குடிக்காதது உன் பிழை" என்று இவர்களிடம் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் வேலை அறைகளில் நியாயமான வெப்பநிலையும் குடிநீரும் இருக்க வேண்டும் என்கிறது. திறந்த வெளியில் உழைப்பவருக்கு இந்த மணி முதல் இந்த மணி வரை வேலை கூடாது என்று சொல்லும் சட்டம் இலங்கையில் இல்லை. நம்மவர்கள் வேலைக்குப் போகும் கட்டாரில் ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை வெயிலில் வேலை வாங்கத் தடை இருக்கிறது. அங்கே அது எவ்வளவு மீறப்படுகிறது என்பது வேறு கதை. உலகத் தொழிலாளரில் 70 வீதத்துக்கும் அதிகமானோர், அதாவது 241 கோடிப் பேர், கடும் வெப்பத்துக்கு உட்படுகிறார்கள் என்று சர்வதேச தொழில் அமைப்பு 2024இல் கணக்கிட்டது.

வேலைக்குப் புதிதாக வருபவரைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். உடம்பு வெப்பத்துக்குப் பழக ஒன்று, இரண்டு வாரம் எடுக்கும். வெப்பத்தால் விழுபவர்களில் பலர் முதல் சில நாட்களிலேயே விழுகிறார்கள். பாடசாலை விடுமுறைக்குக் கைச்செலவுக்காகக் கட்டட வேலைக்கோ, கொத்துக் கல்லடியில் நிற்கவோ வரும் பையன்கள் இந்த வகை. குளிரான மேல் தோட்டங்களிலிருந்து இறங்கி வருபவர்களும் அப்படியே. முதல் நாளே முழு வேலை கொடுப்பது கெட்டித்தனம் அல்ல.

உடனே செய்யக்கூடியவையும் உண்டு. பாரமான வேலையைக் காலை 10 மணிக்கு முன் முடிக்கும்படி நேரத்தை மாற்றக் கேட்கலாம். தனியாகக் கேட்பதைவிட நாலு பேராகக் கேட்பது நல்லது. வெயிலில் உழைப்பவர் தாகம் வரும்வரை காத்திராமல் 15, 20 நிமிடத்துக்கு ஒரு கோப்பை தண்ணீர் குடிக்க வேண்டும். நிறைய வியர்த்தால் உப்பிட்ட கஞ்சி, மோர் அல்லது ஜீவனி கரைத்த நீர். பிளேன்டீ குடிக்கலாம், ஆனால் அது மட்டும் போதாது. சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். பின்னேரம் இடி கேட்டால் மலையிலிருந்து இறங்கிவிடுங்கள். ஏப்ரல் மின்னலுக்கும் பேர்போன மாதம்.

போரில் காயப்பட்டவர்களுக்கு இந்த வெயில் வேறு கணக்கு. எரிகாயத்துக்குப் பிறகு தோல் ஒட்டிய இடத்தில் வியர்க்காது. முள்ளந்தண்டில் காயப்பட்டவருக்குக் காயத்துக்குக் கீழே வியர்வை சுரப்பது குறையும் அல்லது நின்றுபோகும். மற்றவர்கள் வெறும் அலுப்பை உணரும் இடத்தில் இவர்களுக்கு உடல் சூடு ஏறிவிடும். தண்ணீரை உடம்பில் தெளித்து விசிறிக்கொள்வது இவர்களின் வியர்வைக்குப் பதிலீடு. செயற்கைக் கால் போட்டவர்கள் மதியத்தில் ஒருமுறை அதைக் கழற்றி, காலின் எஞ்சிய பகுதியைத் துடைத்து உலரவிட்டு, வேறு துணி உறை மாற்ற வேண்டும். ஈரத்தோடு நடந்தால் புண் வரும், புண் வந்தால் வாரக்கணக்கில் வேலை போகும். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் கண்டிக்கு அருகில் இருந்தால் திகனை புனர்வாழ்வு வைத்தியசாலையில் இதைப் பற்றிக் கேட்கலாம்.

கூட வேலை செய்பவர் சம்பந்தமில்லாமல் பேசினால், தள்ளாடினால், உடம்பு நெருப்பாகச் சுட்டால் "பசி மயக்கம்" என்று விட்டுவிடாதீர்கள். வெப்ப அதிர்ச்சியாக இருக்கலாம். வியர்வை நின்றிருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. நிழலுக்குக் கொண்டுபோய், உடையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் கக்கத்திலும் தொடை இடுக்கிலும் ஈரத்துணி வையுங்கள். நினைவு தப்பியவருக்கு வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், காசு கேட்க மாட்டார்கள். வண்டி வந்து சேரும்வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்த வேண்டாம்.