ஒளிர்வும் உயிராராய்ச்சியும்

உயிர்ப்பொருளின் உட்கூறுகளை அறிய விரும்பிய அறிஞர்க்கு நெடுங்காலமாக ஓர் இடர்ப்பாடு இருந்து வந்தது. உயிரணு என்பது பெரும்பாலும் நிறமற்றது. கண்ணாடி போன்று தெளிந்தது. மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து நோக்கினும் அதனுள் நிகழ்வது யாதென எளிதில் புலப்படுவதில்லை. ஆகவே அதனை மருந்திலிட்டு இறுகச் செய்து, மெல்லிய தகடாகச் சீவி, சாயமேற்றிப் பார்ப்பதே வழக்கமாயிற்று. அங்ஙனம் பார்க்கப்படுவது உயிரன்று. உயிர் நீங்கிய உடலேயாம். ஓடும் ஆற்றின் இயல்பை அறிய விரும்புவோன் ஒரு குடம் நீரை மொண்டுவந்து ஆராய்வதை ஒத்தது இது. கொல்லாமலே உயிரின் செயலைக் காண வழியுண்டோ என்னும் வினாவிற்கு விடையளித்தவற்றுள் தலையாயது ஒளிர்வு என்னும் பண்பு. அதன் இயல்பையும், அது ஆராய்ச்சியாளர் கைக்கு வந்த வரலாற்றையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

சில பொருள்கள் தம்மீது விழும் ஒளியை ஏற்று, கண்ணிமைக்கும் நேரத்தினும் மிகக் குறுகிய காலத்திற்குள் அதனை வேறு நிறமுடையதாகத் திருப்பித் தருகின்றன. ஏற்ற ஆற்றலில் ஒரு பகுதி அப்பொருளுள் வெப்பமாய்க் கழிந்துவிடுதலின், திரும்பும் ஒளி பெரும்பாலும் ஆற்றல் குறைந்தும் அலைநீளம் மிகுந்தும் இருக்கும். இதனை 1852-ஆம் ஆண்டில் விளக்கியவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஸ்டோக்ஸ் என்பவர். கொயினாக் கரைசல் பார்வைக்குத் தெளிந்த நீரேயாயினும், ஊதாக் கடந்த கதிர் படும்போது நீலமாய் ஒளிர்வதை அவர் ஆராய்ந்தார். இப்பண்பிற்குப் புளோரஸென்ஸ் என்று பெயரிட்டவரும் அவரே. மின்மினியின் ஒளி இவ்வகையினது அன்று. மின்மினி தன் உடலில் நிகழும் ரசாயன மாறுதலால் தானே ஒளியை உண்டாக்குகின்றது. ஒளிரும் பொருளோ பிறிதோர் ஒளியைக் கடனாகப் பெற்று நிறம் மாற்றித் திருப்புகின்றது.

இந்நிறமாற்றமே ஆராய்ச்சியாளருக்குப் பெருந்துணை. விழும் ஒளியைத் தடுத்துத் திரும்பும் ஒளியை மட்டும் விடும் நிறக்கண்ணாடியை மைக்ராஸ்கோப்பில் பொருத்தினால், மற்றெல்லாம் இருண்டுபோக ஒளிரும் பொருள் மட்டும் தோன்றும். நண்பகலில் அகல்விளக்கை ஒருவரும் கருதார். காரிருளில் அது நெடுந்தொலைவிலும் தெரியுமன்றோ? 1941-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் கூன்ஸ் என்பவர், கிருமியை நாடிச் சென்று பற்றும் எதிர்ப்பொருளோடு ஒளிரும் சாயத்தைப் பிணைத்து, அக்கிருமி இருக்குமிடத்தைக் காட்டினார். க்ஷயரோகக் கிருமியை ஆரமின் என்னும் ஒளிரும் சாயத்தால் கண்டறியும் முறையும் உண்டு. ஆயினும் இவையெல்லாம் புறத்தேயிருந்து ஏற்றப்படும் சாயங்கள். உயிரணு தானே தன்னுள் ஆக்கிக்கொள்ளும் சாயம் கிடைக்குமாயின் எத்துணை நன்று! அது கிடைத்தது கடலில் வாழும் ஒரு சொறிமீனிடத்தில்.

ஜப்பானிய அறிஞர் ஒசாமு ஷிமோமுரா 1961-ஆம் ஆண்டுக் கோடையில், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துப் பிராங்க் ஜான்சனுடன் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள பிரைடே ஹார்பருக்குச் சென்றார். ஈக்வோரியா என்னும் சொறிமீன் தன் குடை போன்ற உடலின் விளிம்பில் ஒளிர்வது ஏன் என்பதொன்றே அவர் கேட்ட கேள்வி. ஏறத்தாழ 10,000 சொறிமீன்களைப் பிடித்து, விளிம்புகளை அறுத்தெடுத்துப் பிழிந்து, சாற்றைப் பலவாறு பரிசோதித்தார். பயனற்றதென ஒரு நாள் தொட்டியில் கொட்டிய சாறு, அங்கிருந்த கடல்நீர் கலந்தவுடன் பளீரென ஒளிவிட்டது. கடல்நீரிலுள்ள கால்சியமே காரணம் என உணர்ந்தார். அச்சாற்றினின்று ஈக்வோரின் என்னும் புரதத்தைப் பிரித்தெடுத்து 1962-இல் வெளியிட்டார். அது தருவது நீல ஒளி. சொறிமீனின் ஒளியோ பச்சை. நீல ஒளியை ஏற்றுப் பச்சையாக்கும் வேறொரு புரதமும் உடனிருந்தது; அவ்வெளியீட்டில் அதற்குக் கிடைத்த இடம் ஓர் அடிக்குறிப்பே. அடிக்குறிப்பில் நின்ற அப்பச்சைப் புரதமே பிற்காலத்தில் உலகெங்கும் புகழ்பெற்றது.

புரதத்தை ஆக்கும் கட்டளை ஜீன் என்னும் மரபுக்கூறில் உள்ளது. பச்சைப் புரதத்தின் ஜீனை வெளிப்படுத்தி 1992-இல் அறிவித்தவர் டக்ளஸ் பிராஷர். அதற்குமேல் ஆராயப் பொருளுதவி கிட்டாமையால் அவர் அத்துறையைத் துறக்க நேர்ந்தது. ஆயினும் தாம் கண்டதை மறைத்து வைக்காமல், கேட்டவர்க்கு அனுப்பி உதவினார். அதனைப் பெற்ற மார்ட்டின் சால்ஃபி 1994-இல், பாக்டீரியாவிலும் ஒரு சிறு புழுவின் நரம்பணுக்களிலும் அப்புரதத்தை ஒளிரச் செய்தார். சொறிமீனின் துணைப்பொருள் வேறொன்றும் வேண்டப்படவில்லை. 238 அமினோ அமிலங்களாலான அப்புரதம் தானே மடிந்து, அவற்றுள் மூன்றைக் கொண்டு, ஆக்ஸிஜன் துணையால் தன் நிறப்பகுதியை அமைத்துக்கொள்கின்றது. ராஜர் சென் அதனை ஓரோரிடத்தில் மாற்றி, மேலும் நன்கு ஒளிரவும் வேறு நிறங்கள் காட்டவும் செய்தார்.

இதனால் விளைந்த நன்மை யாதெனின், ஆராய்ச்சியாளர் தாம் விரும்பும் புரதத்தின் ஜீனோடு இவ்வொளிரும் ஜீனையும் இணைத்துவிடலாம். பின்னர் அப்புரதம் எங்கே செல்கின்றது, எப்பொழுது தோன்றுகின்றது, எப்பொழுது மறைகின்றது என்பனவற்றை உயிருள்ள அணுவிலேயே காணலாம். புற்றுநோய் அணுக்கள் சுண்டெலியின் உடலில் பரவுவதைத் தொடரலாம். கால்சியம் மிகும்போது ஒளி மிகுமாறு திருத்தப்பட்ட புரதத்தைக் கொண்டு, உடல் தெளிந்த மீன்குஞ்சின் மூளையில் நரம்பணுக்கள் தொழிற்படுவதையும் பார்க்கலாம். எனினும் எச்சரிக்கையும் வேண்டும். மிகுந்த ஒளி உயிரணுவிற்குத் தீங்கு செய்யும். சாயமும் நாளடைவில் வெளிறும். ஒட்டவைத்த புரதம் தான் சேர்ந்த புரதத்தின் இயல்பை மாற்றிவிடுதலும் கூடும். ஆதலின் கண்டதைப் பிற வழிகளாலும் உறுதிப்படுத்துதல் கடன்.

2008-ஆம் ஆண்டின் ரசாயன நோபெல் பரிசு ஷிமோமுரா, சால்ஃபி, சென் ஆகிய மூவர்க்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒரு பரிசை மூவருக்குமேல் பகிர்தல் மரபன்று. அக்காலத்தில் பிராஷர் அலபாமாவில் மோட்டார் வியாபார நிலையமொன்றில் வாடிக்கையாளரை வண்டியில் கொண்டுசென்று விடும் சாரதியாயிருந்தார். சால்ஃபியும் சென்னும் அவரை மறவாது தம் செலவில் ஸ்டாக்ஹோம் விழாவிற்கு அழைத்தனர். பின்னர்ச் சில ஆண்டுகள் அவர் சென்னின் ஆராய்ச்சிச்சாலையிலேயே பணியாற்றினார்.

இதனால் என்ன பயன் என்று ஆராய்ச்சி மாணவரை நோக்கி வினவுவோர் பலர். சொறிமீனின் விளிம்பை அறுத்துக்கொண்டிருந்தவரை அன்று அங்ஙனம் வினவியிருப்பின், நரம்பையும் புற்றுநோயையும் குறித்து அவர் யாது கூறியிருக்கக் கூடும்? சிறு பொருளின் உண்மையைப் பொறுமையுடன் தேடுதலும், கண்டதைப் பிறர்க்கு வழங்குதலுமே அவர்கள் செய்தவை. அறிவியல் பயிலும் நம் இளைஞர் இவ்விரண்டையும் தம் பரிசோதனைச் சாலையில் இன்றே தொடங்கலாம்.