விரல் சொன்ன வலி

வலியோடு வாழ்பவர்கள் – 9

எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் முதுகுவலிக்காரர் ஒருவர் படுத்திருக்கிறார். வலி வந்து பல வருடமாகிறது, இப்போதும் வலிக்கிறது. காதருகே சுத்தியல் அடிப்பதுபோல எந்திரம் தடதடக்கிறது. அவர் மூளையில் அந்த வலியைப் படம் பிடிக்க வேண்டும். எப்படி?

மூளையின் வேலையை இந்த எந்திரம் நேராகப் பார்ப்பதில்லை. ஒரு பகுதி சுறுசுறுப்பானால் அங்கே ரத்தம் கூடுதலாகப் பாயும். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபினும் காந்தப்புலத்தில் வெவ்வேறாக நடந்துகொள்ளும். 1990இல் செய்ஜி ஒகாவா அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பயன்படுத்திக் காட்டிய இந்த வித்தியாசம்தான் மூலதனம். ஆனால் வித்தியாசம் தெரிய இரண்டு நிலைகள் வேண்டுமே: வலிக்கும்போது ஒன்று, வலிக்காதபோது ஒன்று. கையில் சூடு வைத்து ஆராய்வது சுலபம். வைக்கலாம், எடுக்கலாம். நாள்பட்ட வலிக்கு ஏது ஸ்விட்ச்?

சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் வானியா அப்காரியன் குழு கண்டுபிடித்த வழியை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும், அத்தனை எளிமை. ஓயாத வலியும் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. தானாக ஏறும், தானாக இறங்கும். நோயாளியின் விரலில் சிறு கருவியை மாட்டி, வலி ஏறுவதையும் இறங்குவதையும் விரலை மடக்கி நீட்டிக் காட்டச் சொன்னார்கள். விரல் வரைந்த அலையையும் மூளையின் அலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

உடனே ஒரு சந்தேகம் எழும். மூளையில் தெரிவது வலியா, விரலசைக்கும் வேலையா? அதற்கும் பதில் வைத்திருந்தார்கள். இன்னொரு முறை திரையில் ஒரு பட்டையை நீட்டியும் சுருக்கியும் காட்டி, அதன் நீளத்தை விரலால் பின்தொடரச் சொன்னார்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிஞ்சுவது வலி.

2006இல் முடிவு வெளியானது. வலி ஏறும் நேரத்தில் இன்சுலா என்ற பகுதி தலைகாட்டியது. சூட்டு வலியிலும் வழக்கமாகத் தெரிகிற பகுதிதான். ஏறிய வலி இறங்காமல் தங்கியபோதோ படம் மாறியது. நெற்றிக்குப் பின்னால், மூளையின் நடுவாக்கில் இருக்கும் முன்மூளைப் பகுதி இயங்கியது. உணர்ச்சியோடும், ‘நான்’ என்ற நினைப்போடும் சம்பந்தப்பட்ட இடம் அது. தங்கிவிட்ட வலி, வந்துபோகும் வலியின் நீண்ட வடிவமல்ல. வேறு வீட்டுக்குக் குடிபோய்விட்ட வலி.

எப்போது குடிபோகிறது? புதிதாக முதுகுவலி வந்த 39 பேரை இதே குழு ஒரு வருடம் தொடர்ந்தது. சிலருக்குக் குணமானது, சிலருக்கு வலி நிலைத்தது. நிலைத்தவர்களிடம் அந்த முன்மூளைப் பகுதிக்கும், ஆசை, பலன், பழக்கம் ஆகியவற்றோடு தொடர்புள்ள அக்கும்பென்ஸ் என்ற சிறு கருவுக்கும் இடையே முதல் ஸ்கேனிலேயே நெருக்கம் அதிகமாக இருந்தது. 2012இல் இது வெளியானபோது, முதுகெலும்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த பலர் திரும்பிப் பார்த்தார்கள்.

இதற்கு முன்பே, 2004இல், பலரைப் பயமுறுத்திய செய்தி ஒன்றும் இக்குழுவிடமிருந்து வந்திருந்தது. நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் 26 பேரின் மூளைப் புறணியில் சாம்பல் நிறப் பொருள் மற்றவர்களைவிட 5 முதல் 11 சதவிகிதம் குறைவு. 10 முதல் 20 வருட முதுமைக்குச் சமம். பயந்தவர்களுக்கு ஆறுதல் 2011இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. சிகிச்சை பெற்ற ஆறு மாதத்தில், மெலிந்திருந்த முன்மூளைப் பகுதி ஒன்று மீண்டும் தடித்திருந்தது. இழந்தது திரும்பக்கூடும் என்று இப்படிச் சொன்ன ஆய்வுகளுக்கு, முந்தையதற்குக் கிடைத்த பரபரப்பு கிடைக்கவில்லை.

‘ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையே’ என்று கேட்டுக் கேட்டு நொந்தவர்கள், மூளைப் படத்தையே சாட்சியாக்கினால் என்ன என்று நினைப்பது இயல்பு. வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் அமைத்த குழு 2017இல் வேண்டாம் என்றது. மேலே சொன்ன வித்தியாசங்கள் பலரின் சராசரியில் தெரிபவை. தனி ஒருவருக்கு நிஜமாகவே வலிக்கிறதா, நடிக்கிறாரா என்று தீர்ப்புச் சொல்ல அவை போதாது. சிகாகோ எந்திரத்துக்குக்கூட எங்கே பார்ப்பது என்று காட்டியது படுத்திருந்தவரின் விரல்தானே.

அடுத்த வாரம் கையே இல்லாதவரின் கைவலி. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன் ஒரு கண்ணாடியோடு வருகிறார்.

(தொடரும்)