மேடையை மறவாத மாபெரும் நடிகை

வெள்ளித்திரை தரும் புகழின் ஒளியில், தம்மை வளர்த்துவிட்ட நாடக மேடையை மறந்துபோகும் நடிகர்கள் எல்லாத் தேசங்களிலும் உண்டு. உலகப் புகழ் வந்தடைந்த பின்னும் மேடையே தம் ஜீவநாடி என்று வாழ்ந்துவருகிறவர் பிரேசில் நாட்டின் பெர்னாண்டா மான்டெனெக்ரோ.

1929 அக்டோபர் 16-ஆம் தேதி, ரியோ டி ஜெனீரோவின் புறநகரில், போர்ச்சுக்கல்லிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்து குடியேறியவர்களின் சந்ததியில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் அர்லெட்டெ. பதினைந்து வயதில் கல்வி அமைச்சகத்தின் வானொலி நிலையத்தில் சேர்ந்து, முகத்தையோ உடலையோ துணைக்கு அழைக்க வழியில்லாமல் குரல் ஒன்றாலேயே மனித உணர்ச்சிகள் அனைத்தையும் எழுப்பிக் காட்டும் வித்தையை அங்கேதான் அவர் அப்பியாசம் செய்தார்.

1950-இல் மேடையேறிய அவர், நடிகரும் இயக்குநருமான பெர்னாண்டோ டோரஸை மணந்து, 1959-இல் கணவருடனும் தோழர்கள் சிலருடனும் சேர்ந்து ‘எழுவர் நாடகக் குழு’வை நிறுவினார். ஊர் ஊராகத் திரியும் நாடகக்காரர்களின் கதையை அர்துர் அசெவெதோ எழுதிய ‘ஓ மாம்பெம்பே’ என்ற நாடகத்தையே அந்தக் குழு முதலில் அரங்கேற்றியது. அடுத்த சில ஆண்டுகளில், அவருடைய வேண்டுகோளுக்கு இணங்கி, அந்நாட்டு நாடகாசிரியருள் தலைசிறந்த நெல்சன் ரோட்ரிகஸே புதிய நாடகம் ஒன்றை எழுதித் தந்தார் என்றால், இளம் வயதிலேயே அவர் அடைந்திருந்த மதிப்பை ஊகித்துக்கொள்ளலாம்.

1964 முதல் இருபத்தோராண்டு நீடித்த ராணுவ ஆட்சி, தணிக்கை என்னும் விலங்கை நாடகக் கலைக்குப் பூட்டியிருந்த காலத்திலும் அவர் மேடையை விட்டு விலகவில்லை. அந்த ஆட்சி ஒழிந்து ஜனநாயகம் மீண்ட 1985-இல், கலாசார அமைச்சர் பதவி தேடி வந்தபோது, நடிப்பே தம் தொழில் என்று அதை மறுத்துவிட்டார்.

1998-இல் வால்டர் சாலெஸ் இயக்கிய ‘சென்ட்ரல் டோ பிரேசில்’ படத்தில், ரியோவின் ரயில் நிலையத்தில் எழுத்தறியாத ஏழைகளுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துப் பிழைக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியையாக அவர் நடித்தார். எழுதிய கடிதங்களைத் தபாலில் சேர்க்காமலே ஏமாற்றும் அந்தக் கடின சித்தமுடையவள், தாயை இழந்த சிறுவன் ஒருவனை அவனுடைய தந்தையிடம் சேர்க்கப் புறப்பட்டு, அந்தப் பிரயாணத்திலேயே சிறிது சிறிதாக மனம் கனிவதை, கண்ணீரால் நம்மை வசப்படுத்த முயலாமல் அவர் காட்டியிருக்கும் நேர்மைதான் அந்த நடிப்பின் சிகரம். பெர்லின் விழாவில் சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கரடி விருது அதற்குக் கிடைத்தது. சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் விருதுக்கு முதன்முதலாகப் பரிந்துரைக்கப்பட்ட பிரேசில் நடிகையும் அவரே.

2024-இல் அதே இயக்குநரின் ‘ஐன்டா எஸ்தோ அக்கி’ படத்தில், ராணுவ ஆட்சியில் கணவரைப் பறிகொடுத்த யூனிஸ் பைவாவாக அவருடைய மகள் பெர்னாண்டா டோரஸ் நடிக்க, முதுமையில் நினைவிழந்துபோன அதே யூனிஸாகத் தாய் தோன்றினார். குரலால் வாழ்வைத் தொடங்கியவர், அங்கே பேச்சின் துணையின்றிக் கண்களாலேயே ஒரு ஜன்மத்தின் துயரத்தை உரைத்துவிட்டார். அந்தப் படம் சிறந்த அயல்நாட்டுப் படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பிரேசிலுக்கு முதன்முறையாகப் பெற்றுத் தந்தது.

2021-இல் பிரேசில் இலக்கிய அகாதமி அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. எழுத்தாளர் சபையில் ஒரு நடிகைக்கு ஆசனம் அளித்ததன் மூலம், சொல்லுக்கு உயிர் கொடுப்பவரும் சொல்லைப் படைப்பவருக்கு நிகரானவரே என்று அந்நாடு ஒப்புக்கொண்டது. அது முற்றிலும் நியாயமான தீர்ப்பு.