திரும்ப விட்ட மீன் பிழைக்குமா?

பொங்கல் விடுமுறை முடிந்து ஒரு வாரம் இருக்கும். சத்தியமங்கலம் பக்கம் மஞ்சள் வயல் பார்க்கப் போயிருந்தேன். அங்கிருந்த விவசாயி, வேலை முடிந்ததும் தன் பண்ணைக்குட்டைக்கு அழைத்துப் போனார். "நாலு நாளா மீன் ஒண்ணு ரெண்டா மெதக்குதுங்க சார். தண்ணி கெட்டுப்போச்சான்னு பார்த்துச் சொல்லோணுங்க" என்றார்.

நான் படித்தது உழவியல். மீன் என் பாடமல்ல. ஆனாலும் தண்ணீர் கெட்டிருந்தால் எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திணற வேண்டுமே! தவிட்டை வீசியதும் மற்ற மீன்கள் துள்ளி வந்து தின்றன. கரையில் ஒதுங்கியிருந்த கட்லாவைப் புரட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. விலாவில் வெள்ளைப் பஞ்சு போலப் பூஞ்சை. அதுவும் நான்கு விரல் பதிந்த வடிவில். உதடு ஓரம் கிழிந்திருந்தது.

விடுமுறைக்கு வந்த உறவுக்காரப் பையன்கள் தூண்டில் போட்டிருக்கிறார்கள். "ஒண்ணைக்கூடக் கொல்லலீங்க சார். போட்டோ எடுத்துட்டு எல்லாத்தையும் தண்ணியிலயே விட்டுட்டாங்க" என்றார் அவர். உண்மைதான். ஆனால் விட்ட விதத்தில் கோளாறு.

வார இறுதியில் நகரத்தார் தூண்டிலோடு கிராமத்துக் குளங்களைத் தேடி வருவது கூடிவருகிறது. சில குட்டைக்காரர்கள் ஒரு தூண்டிலுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கி, பிடித்த மீனைத் திரும்ப விடச் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான். மூன்று கிலோ கட்லாவைக் கறிக்கு விற்றால் ஒரு தடவைதான் காசு. அதே மீன் உயிரோடு குட்டையில் கிடந்தால் பல தடவை காசு. ஆனால் அது பிழைத்திருந்தால்தானே?

மீனின் உடம்பைத் தொட்டால் வழவழவென்று இருக்கிறதல்லவா, அந்தக் கோழைதான் அதன் கவசம். பூஞ்சையும் பாக்டீரியாவும் சதைக்குள் நுழையாமல் தடுப்பது அதுவே. உலர்ந்த கையால் இறுகப் பிடித்தாலோ, துண்டால் பற்றினாலோ, மணலில் புரள விட்டாலோ கவசம் உரிந்துவிடும். தண்ணீர் குளிர்ந்திருக்கும் மார்கழி, தை மாதங்களில் அந்த இடத்தில் பூஞ்சை எளிதில் பிடித்துக்கொள்ளும். நான் பார்த்த நான்கு விரல் தடம் அதுதான். கையை நனைத்துக்கொண்டு பிடித்திருந்தால் அந்தக் கட்லா இன்றும் நீந்திக்கொண்டிருக்கும்.

அடுத்தது மூச்சு. தூண்டிலோடு போராடும் மீன், ஓடிக் களைத்த மனிதனைப் போன்றது. தசையில் லாக்டிக் அமிலம் சேர்ந்திருக்கும். அந்த நேரத்தில் வெளியே தூக்கினால் செவுள் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மூச்சு அங்கேயே நின்றுவிடும். மைல் கணக்கில் ஓடி வந்தவன் முகத்தைத் தலையணையால் அமுக்குவதற்குச் சமம். ஆகவே மெல்லிய நரம்பில் பெரிய மீனை அரை மணி நேரம் விளையாடவிடுவது வீரமல்ல. தாங்கும் நரம்பாகப் போட்டுச் சீக்கிரம் கரைக்குக் கொண்டுவர வேண்டும். முள்ளைத் தண்ணீரில் வைத்தே கழற்றுங்கள். படம் வேண்டுமென்றால் கேமராவை முதலில் தயார் செய்துகொண்டு, ஒரு கை வால் அடியிலும் ஒரு கை வயிற்றுக்குக் கீழும் கொடுத்துக் கிடைமட்டமாகத் தூக்கி, நீங்கள் மூச்சை அடக்கியிருக்கும் நேரத்துக்குள் திரும்ப இறக்கிவிடுங்கள். செவுளில் விரல் விட்டுத் தொங்கவிடுவது வேண்டவே வேண்டாம்.

முள் பற்றியும் ஒரு வார்த்தை. முனைக்குச் சற்றுக் கீழே பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு செதிலைக் குறடால் நசுக்கிவிட்டால் முள் எளிதில் கழன்றுவிடும், உதடு கிழியாது. முனை உள்நோக்கி வளைந்த 'சர்க்கிள்' முள் பெரும்பாலும் வாயோரத்தில்தான் மாட்டும். முள்ளை மீன் விழுங்கிவிட்டதா? குடைந்து எடுக்காதீர்கள். நரம்பை வாயருகே வெட்டிவிடுங்கள். பிடுங்குவதைவிட அப்படி விட்டால் பிழைக்க வாய்ப்பு அதிகம்.

நேரத்தைப் பொறுத்தும் கவனம் வேண்டும். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். அதனால் சித்திரை மதிய வெயிலில் தூண்டில் கூடாது என்பது எல்லாருக்கும் புரியும். ஆனால் பலர் தவறுவது விடியற்காலையில். பாசி அடர்ந்து பச்சையாக இருக்கும் குட்டையில், இரவு முழுவதும் பாசியும் சேர்ந்து ஆக்சிஜனை உறிஞ்சுவதால், விடியும் நேரத்தில்தான் அது மிகக் குறைவு. வெயில் ஏறி இரண்டு மணி நேரம் கழித்துத் தொடங்குவது நல்லது.

இந்தப் பிடித்துவிடும் பழக்கத்துக்குப் பெரிய பாடம் நம் காவிரியிலேயே இருக்கிறது. 1946-ல் கபினியில் பிடிபட்ட 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ மகசீர் இன்றும் பேசப்படுகிறது. பிறகு வெடி போட்டுப் பிடித்துப் பிடித்தே அந்த மீன் அருகியது. கர்நாடகத்தில் காவிரியின் ஒரு பகுதியைத் தூண்டில் ஆர்வலர்களின் சங்கம் ஒன்று குத்தகைக்கு எடுத்து, பிடித்த மீனை எடைபோட்டுக் குறித்துவிட்டுத் திரும்ப விட்டது. முன்பு திருட்டு மீன் பிடித்தவர்களே காவலரானார்கள். கலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை எழுதிவைத்த அந்தக் குறிப்பேடுகளைப் பின்னர் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மீன்களின் கணக்கு. ஒரு மணி நேரத்துக்குக் கிடைக்கும் மீன்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு கூடியிருந்தது. காவல் பலித்தது.

ஆனால் அதே ஏட்டில் ஒரு கெட்ட செய்தியும் இருந்தது. கூடியது நீலத்துடுப்பு மகசீர். லோனாவாலா பண்ணையில் பெருக்கப்பட்ட அதன் குஞ்சுகள் காவிரியிலும் விடப்பட்டிருந்தன. காவிரிக்கே உரிய திமில் மகசீரோ குறைந்துகொண்டே போயிருந்தது. அதன் அறிவியல் பெயர் 'தோர் ரெமாதேவி' என்று 2018-ல்தான் உறுதியானது; அழிவின் விளிம்பில் உள்ள உயிரினமாகவும் அறிவிக்கப்பட்டது. அடையாளமே சரியாகத் தெரியாத மீனை இத்தனை காலம் இழந்துகொண்டிருந்தோம். அந்த மீன் இன்னும் எஞ்சியிருக்கும் இடங்களில் ஒன்று நம் மாயாறு. முதுமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்கள் வழியே ஓடும் அந்த ஆற்றில், 'பிடித்துவிட்டு விட்டுவிடுவேன்' என்று சொன்னாலும் தூண்டிலோடு இறங்கக் கூடாது.

எனவே எந்த மீனை விடுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் தண்ணீரில் திரும்ப விடாதீர்கள். வளர்ப்பதற்கே தடை உள்ள மீன் அது. வெள்ளத்தில் ஏரிக்குப் போனால் நாட்டு மீன்களைத் தின்று தீர்க்கும். கண்ணாடித் தொட்டியிலிருந்து தப்பி வந்த தொட்டி சுத்தம் செய்யும் மீனும் அப்படித்தான். 1952-ல் இலங்கையிலிருந்து வந்த ஜிலேபி இன்று எந்தக் குளத்திலும் இருக்கிறது. அதை விட்டுத்தான் பெருக்க வேண்டும் என்பதில்லை, குழம்பு வையுங்கள். வளர்ப்புக் குட்டையில் அறுவடைக்கு நிற்கும் ரோகு, கட்லாவையும் விட்டே ஆக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அது உங்கள் கணக்கு.

நான் மன்றாடிக் கேட்பது விராலுக்காக. மழைக்காலத்தில் கரையோரம் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாய்ப் புரள்வதைப் பார்த்திருப்பீர்கள். கீழே தாயோ தகப்பனோ காவல் நிற்கும். கூட்டத்துக்கு நடுவே தவளையைக் கோத்த முள்ளைப் போட்டால் கோபத்தில் பாய்ந்து கவ்வும், பிடிப்பது சுலபம். காவல் போனால் அந்தக் குஞ்சுக் கூட்டம் மற்ற மீன்களுக்கும் பறவைகளுக்கும் இரையாகிவிடும். விரால் காற்றையும் சுவாசிக்கும் மீன் என்பதால் மற்றவற்றைவிடத் தாக்குப்பிடிக்கும். ஆனால் தூரக் கொண்டுபோய் விடக் கூடாது. பிடித்த இடத்திலேயே, குஞ்சுகளின் அருகிலேயே உடனே விட வேண்டும்.

சத்தியமங்கலம் நண்பருக்கு, பூஞ்சை பிடித்த மீன்களை வலையில் எடுத்து, 10 லிட்டர் தண்ணீருக்கு 300 கிராம் கல்லுப்பு கரைத்து, துவளுகிறதா என்று பார்த்தபடி சில நிமிடம் முக்கியெடுக்கச் சொன்னேன். ஏழில் நான்கு தேறின. போன மாதம் போனபோது கரையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி நிறையத் தண்ணீரும், கயிற்றில் கட்டிய குறடும் இருந்தன. தொட்டி எதற்கு என்று கேட்டேன். "கையை நனைக்காம எவனும் என்ற மீனைத் தொடக் கூடாதுங்க சார்" என்றார்.