கல்லீரல் சுருங்கியவருக்கு அறுவை சிகிச்சை: முன்னும் பின்னும் உள்ள வாரங்களே உயிர் காக்கும்

பித்தப்பைக் கல், தொப்புள் குடலிறக்கம், இடுப்பெலும்பு முறிவு போன்றவற்றுக்கான அறுவை சிகிச்சைகள் மாவட்ட மருத்துவமனைகளில்கூட அன்றாடம் நடக்கின்றன. அதே சிகிச்சை, சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்க நோய் உள்ளவருக்குத் தேவைப்படும்போது உயிர் சம்பந்தப்பட்ட முடிவாகிவிடுகிறது. “ஆபரேஷன் செய்யலாமா, கூடாதா?” என்றுதான் குடும்பத்தார் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி போதாது. கல்லீரல் எந்த நிலையில் அறுவை அரங்குக்குள் போகிறது, வெளியே வந்த பிறகு அதை யார் எத்தனை நாள் கண்காணிக்கப்போகிறார்கள் என்பவையே முடிவைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. ஆகவே இந்த நோயாளிகளுக்கு முன்தயாரிப்பும் பின்கவனிப்பும் சிகிச்சையின் பாதியாகவே எண்ணப்பட வேண்டும்.

ஏன் இவ்வளவு ஆபத்து?

இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறக்குறைய கால் பங்கு கல்லீரலுக்குப் போகிறது. அதில் பெரும்பகுதி குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக, குறைந்த அழுத்தத்தில் வருகிறது. மதுவாலோ, ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்களாலோ, சர்க்கரை நோயும் உடல் பருமனும் கொண்டுவரும் கொழுப்பாலோ கல்லீரல் தழும்பேறி இறுகும்போது இந்த வழி அடைபடுகிறது. ரத்தம் தேங்கி, உணவுக்குழாய்ச் சிரைகள் புடைக்கின்றன, மண்ணீரல் வீங்குகிறது, வயிற்றில் நீர் கோக்கிறது. ஏற்கெனவே குறைந்த ரத்தத்தில் காலம் தள்ளும் கல்லீரலுக்கு, மயக்க மருந்தாலும் ரத்தப்போக்காலும் ரத்த அழுத்தம் சற்று விழுந்தாலே அடி பலமாகப் படும். நல்ல கல்லீரலில் பாதியை வெட்டி எடுத்தாலும் மீண்டும் வளரும். சுருங்கிய கல்லீரலிடம் அந்தச் சேமிப்பு இல்லை. மருந்துகளை உடைப்பது, அம்மோனியாவை அகற்றுவது, ரத்தம் உறையத் தேவையான புரதங்களைச் செய்வது என எல்லா வேலைகளும் ஒரே நேரத்தில் தடுமாறுகின்றன.

இந்த ஆபத்தை அளக்க வழி இருக்கிறது. 1964இல் சைல்ட், டர்காட் ஆகியோர் வகுத்து, 1973இல் பியூ திருத்தியமைத்த அளவுகோல் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறது: பிலிருபின், அல்புமின், ரத்தம் உறையும் நேரம், வயிற்று நீர், மூளைக் குழப்பம். அதன்படி நோயாளிகள் ஏ, பி, சி என்று பிரிக்கப்படுகிறார்கள். 1984இலும் 1997இலும் வெளியான இரு அமெரிக்க ஆய்வுகளில், வயிற்று அறுவைக்குப் பின் இறந்தவர்கள் ஏ பிரிவில் சுமார் 10 சதவீதம், பி பிரிவில் சுமார் 30, சி பிரிவில் சுமார் 80. மயக்கவியலும் லேப்ராஸ்கோப்பியும் வளர்ந்த பிறகு இந்த எண்கள் இறங்கியுள்ளன. ஆனால் மூன்று படிகளுக்கும் இடையிலான இடைவெளி மறையவில்லை. பிலிருபின், கிரியாட்டினின், ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் எண்) ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடும் மெல்ட் மதிப்பெண் 15ஐத் தாண்டினால், அவசரமில்லாத அறுவையைத் தள்ளிவைத்துக் கல்லீரல் மாற்று சிகிச்சைக்கான மதிப்பீட்டை முதலில் செய்வதே பொதுவான அணுகுமுறை.

இங்கே கவனிக்க வேண்டியது, இந்தப் படிகள் தலையெழுத்து அல்ல என்பது. வயிற்று நீரை மருந்தாலும், ஊசி வழியே வடித்தும் குறைக்கலாம். மூளைக் குழப்பத்தை லாக்டுலோஸ் சிரப்பால் தெளிவிக்கலாம். குடியை முழுமையாக நிறுத்தினால் பலருக்குச் சில மாதங்களில் கல்லீரல் ஓரளவு தேறுகிறது. ஹெபடைடிஸ் பி வைரஸை மாத்திரையால் அடக்கலாம். ஹெபடைடிஸ் சி தொற்றைப் பெரும்பாலோருக்கு 12 வாரத்தில் குணப்படுத்தவே முடிகிறது. சி பிரிவில் இருப்பவர் பி பிரிவுக்கு ஏறி வந்த பிறகு அறுவைக்குப் போவது வேறு, அப்படியே போவது வேறு.

உணவே முதல் மருந்து

முன்தயாரிப்பில் மிக அதிகம் புறக்கணிக்கப்படுவது சாப்பாடு. கல்லீரல் நோயாளிக்குப் பருப்பும் முட்டையும் ஆகாது, கஞ்சியே போதும் என்ற நம்பிக்கை இன்னும் வலுவாக இருக்கிறது. புரதம் அம்மோனியாவைக் கூட்டி மூளையைக் குழப்பும் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களும் நம்பினார்கள். 2004இல் ஸ்பெயினில் நடந்த ஆய்வு, குழப்ப நிலையில் இருந்தவர்களுக்குப் புரதத்தைக் குறைத்ததால் எந்த நன்மையும் இல்லை என்று காட்டியது. இன்றைய பரிந்துரை, கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 72 முதல் 90 கிராம். அம்மோனியாவை அகற்றுவதில் தசைக்கும் பங்கு உண்டு என்பதால், தசை கரைந்தால் குழப்பம் கூடவே செய்யும். சுருங்கிய கல்லீரலில் சர்க்கரை இருப்பும் குறைவு. ஓர் இரவுப் பட்டினி இவர்களுக்கு மற்றவர்களின் இரண்டு மூன்று நாள் பட்டினிக்குச் சமம். எனவே படுக்கும் முன் பாலோ சத்துமாவுக் கஞ்சியோ தேவை. அறுவைக்கு முந்தைய நள்ளிரவிலிருந்தே வெறும் வயிற்றில் போடும் பழைய வழக்கத்தையும் மயக்க மருத்துவரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். குறைக்க வேண்டியது உப்பை: ஊறுகாய், அப்பளம், கருவாடு.

“இப்படித் தயார் செய்துகொண்டிருந்தால் நோய் முற்றிவிடாதா?” என்பது நியாயமான கேள்வி. குடல் நெரிந்துவிட்டால், ரத்தக்கசிவு நிற்காவிட்டால் காத்திருக்க முடியாது. அங்கே தயாரிப்பு மணிக்கணக்கில் நடக்கும், அவ்வளவுதான். ஆனால் தயார் செய்வதும் தள்ளிப்போடுவதும் ஒன்றல்ல. வயிற்று நீர் உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் தொப்புள் குடலிறக்கம் வருகிறது. “கல்லீரல் சரியில்லை, தொடவே வேண்டாம்” என்று காலவரையின்றி விட்டால் தோல் மெலிந்து வெடிக்கலாம், குடல் சிக்கலாம். அப்போது செய்யும் அவசர அறுவை பன்மடங்கு ஆபத்தானது. மேற்சொன்ன 1997ஆம் ஆண்டு ஆய்வில், ஏ பிரிவிலேயே அவசர அறுவையில் இறப்பு இருமடங்குக்கு மேல் இருந்தது. நீரைக் கட்டுப்படுத்தி, நாள் குறித்துச் செய்வதே இரண்டு ஆபத்துகளையும் குறைக்கும் வழி.

அடுத்த மறுப்பு ரத்தப்போக்கு பற்றியது. ஐஎன்ஆர் கூடியிருக்கிறதே, பிளாஸ்மா ஏற்றி அந்த எண்ணைச் சரிசெய்துவிட்டால் போதாதா? போதாது. சிரோசிஸில் ரத்தத்தை உறையவைக்கும் புரதங்கள் குறைவதுபோல், உறைவதைத் தடுக்கும் புரதங்களும் குறைகின்றன. இந்தப் புதிய சமநிலையை ஐஎன்ஆர் காட்டுவதில்லை. எண்ணைத் திருத்துவதற்காகவே பிளாஸ்மா ஏற்றினால், ரத்த அளவு கூடிப் போர்ட்டல் அழுத்தம் உயர்ந்து கசிவு அதிகமாகலாம். உணவுப்பாதை ரத்தக்கசிவு பற்றி 2013இல் வெளியான ஸ்பெயின் ஆய்வில், ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே இறங்கிய பிறகு மட்டும் ரத்தம் ஏற்றப்பட்ட ஏ, பி பிரிவு நோயாளிகளே கூடுதலாகப் பிழைத்தார்கள்.

தையல் பிரித்தால் முடிந்துவிடாது

அமெரிக்காவின் மேயோ கிளினிக், அறுவைக்கு உள்ளான 772 சிரோசிஸ் நோயாளிகளைப் பற்றி 2007இல் வெளியிட்ட ஆய்வு, இறப்பு அபாயம் 90 நாள் வரை உயர்ந்தே இருப்பதைக் காட்டியது. எனவே கவனிப்பு அத்தனை நாளும் தொடர வேண்டும். வலிக்கு எந்த மாத்திரை என்பதில் தொடங்குகிறது பிரச்சினை. பாராசிட்டமால் கல்லீரலுக்கு விஷம் என்று பயந்து, டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வாங்கிப் போடுபவர்கள் பலர். உண்மையில் இவைதான் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து, ரத்தக்கசிவையும் தூண்டும். மருத்துவர் மேற்பார்வையில் நாளுக்கு 2 கிராம் வரை பாராசிட்டமாலே இவர்களுக்குப் பாதுகாப்பானது. தூக்க மாத்திரையும் மலச்சிக்கலும் மூளைக் குழப்பத்தைக் கொண்டுவரும். நாளுக்கு இரண்டு மூன்று முறை இளகலாக மலம் போக வேண்டும். பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது குழப்பத்தின் முதல் அறிகுறி. சிறுநீர் குறைவது, எடை ஏறி வயிறு உப்புவது, காயத்திலிருந்து நீர் வடிவது, காய்ச்சல், கறுப்பு மலம், கண் மஞ்சளாவது ஆகிய எதையும் அடுத்த பரிசோதனை நாள்வரை ஒத்திவைக்கக் கூடாது. குடிப்பழக்கத்தை மறைக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் அவசியம். திடீரென நிறுத்தியதால் ஓரிரு நாளில் வரும் நடுக்கமும் பிதற்றலும், கல்லீரல் தரும் குழப்பமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். சிகிச்சையோ முற்றிலும் வேறு.

இதெல்லாம் பெருநகர மருத்துவமனைகளுக்குத்தானே சாத்தியம் என்று கேட்கலாம். ஒரு பகுதி உண்மை. பி பிரிவின் மேல் எல்லையிலும் சி பிரிவிலும் உள்ளவர்களை, தீவிர சிகிச்சையும் கல்லீரல் நிபுணர்களும் உள்ள இடத்துக்கு அனுப்பத்தான் வேண்டும். ஆனால் முட்டை, சுண்டல், இரவுக் கஞ்சி, எடை பார்க்கும் கருவி, லாக்டுலோஸ் சிரப், தவறான வலி மாத்திரையைத் தவிர்ப்பது ஆகியவற்றுக்குப் பெரிய செலவு இல்லை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் குடும்பத்தார் நான்கு கேள்விகளையாவது கேட்க வேண்டும்: நோயாளி ஏ, பி, சி-யில் எந்தப் பிரிவு? அந்த நிலையை மேம்படுத்த அவகாசம் உண்டா? இந்த மருத்துவமனையில் கல்லீரல் மருத்துவரின் துணை கிடைக்குமா? வீடு திரும்பிய பின் மூன்று மாதம் யாரிடம் காட்டுவது? இவற்றுக்குத் தெளிவான பதில் தருவது மருத்துவர்களின் கடமை. அந்தப் பதில்கள் கிடைக்கும்வரை, அவசரமில்லாத அறுவைக்கு நாள் குறிக்க வேண்டியதில்லை.