எந்தப் பெட்டி சொல்வது நேரம்?

திருமயம் குன்றின் சிவன் குடைவரையில் ஓர் இசைக் கல்வெட்டு இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் சிவன் கோயிலுக்கும் பெருமாள் கோயிலுக்கும் நடந்த வழக்கைத் தீர்த்து எழுதியபோது, அந்த உடன்படிக்கைக்கு இடம் வேண்டி இசைக் கல்வெட்டைச் செதுக்கி எடுத்துவிட்டார்கள். பரிவாதினி என்ற வீணையின் பெயர் போல ஏதோ சில துண்டுகள்தான் மிச்சம். அதே மலையடிவாரத்தில் இன்று ஒரு நாகசுரக் கச்சேரி நடந்தால் இசை பதிவது எண்களில். மேடையோரம் இருக்கும் ஸ்டேஜ் பாக்ஸ் மைக்கில் வரும் ஒலியை நொடிக்கு 48,000 முறை அளந்து, எண்ணாக்கி மிக்சருக்கு அனுப்புகிறது. அந்த அளவைக்குத் தாளம் போடுவது பெட்டிக்குள் துடிக்கும் ஒரு குவார்ட்ஸ் கிரிஸ்டல். மிக்சருக்குள்ளும் அப்படி ஒன்று உண்டு. ஒரு கிரிஸ்டல் துடிப்பதுபோல இன்னொன்று அச்சு அசலாகத் துடிக்காது என்பதுதான் சங்கடம். பத்து லட்சத்துக்கு 20 என்ற அளவு வித்தியாசம் இருந்தாலே நொடிக்கு ஏறத்தாழ ஓர் எண் கூடும், அல்லது குறையும். மிஞ்சிய எண்ணை வாங்கும் பெட்டி விழுங்கும்போது ஸ்பீக்கரில் ‘டிக்’ என்று கேட்கும். மைக்செட்காரர் ஒயரை மாற்றிப் பார்ப்பார், மைக்கை மாற்றிப் பார்ப்பார், சத்தம் நிற்காது.

தவில்காரர் நாகசுரத்தைக் காதில் வாங்கி நடையைச் சரிசெய்துகொள்கிறார். பெட்டிகளுக்கு அந்தக் காது கிடையாது. யாரைப் பின்பற்றுவது என்று நாம்தான் சொல்லியாக வேண்டும். ஒன்று மாஸ்டர், மற்றதெல்லாம் அதன் துடிப்புக்கு ஓட வேண்டும். இரண்டே பெட்டிகள் என்றால் தனி ஒயர்கூட வேண்டாம்; ஒலியை எண்ணாகக் கொண்டுவரும் ஏஇஎஸ்3 சிக்னலுக்குள்ளேயே துடிப்பும் சேர்ந்து வருகிறது. பெட்டிகள் பெருகினால் வேர்டு கிளாக்: 75 ஓம் கேபிளில், அளவைக்கு ஒன்றாக வரும் சதுரத் துடிப்பு. கேபிளின் கடைசியில் 75 ஓம் டெர்மினேட்டர் இல்லாவிட்டால் சிக்னல் முட்டித் திரும்பிவந்து துடிப்பின் விளிம்பைக் கலைத்துவிடும். கட்டைவிரல் அளவு சாமான்தான், பெரும்பாலும் மறந்துபோவதும் அதுதான். டான்டே போன்ற நெட்வொர்க் முறைகளில் பெட்டிகள் தங்களுக்குள்ளேயே தலைமையைத் தேர்ந்துகொள்கின்றன.

விலையுயர்ந்த மாஸ்டர் கிளாக் ஒன்றை வாங்கி வைத்தால் ஒலியே மெருகேறும் என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. அதை ஏற்பதற்கில்லை. ஒலியை அளக்கும் சிப்புக்குப் பக்கத்திலேயே இருக்கும் கிரிஸ்டலைப் பின்பற்றுவதைவிட, கேபிள் வழியே வரும் துடிப்பைத் துரத்திப் பிடிப்பது கடினம். பிரிட்டனின் சவுண்ட் ஆன் சவுண்ட் இதழ் 2010இல் அளந்து பார்த்தபோதும், வெளிக் கடிகாரத்தால் பொதுவாக ஒலித்தரம் கூடவில்லை. வெளிக் கடிகாரம் பல பெட்டிகளை ஒன்றாக ஓடவைக்க மட்டுமே.

வேகத்தை மாற்றித்தரும் சாம்பிள் ரேட் கன்வெர்ட்டர் இருக்கும்போது இந்தத் தொல்லை எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ஒரு லேப்டாப்பிலிருந்து பாட்டு மட்டும் வருகிறது என்றால் அதுவே போதும், கடிகாரத்துக்காக மெனக்கெட வேண்டாம். ஆனால் மேடையில் வரிசையாக வைத்த மைக்குகளை ஆளுக்கொரு கன்வெர்ட்டர் வழியே விட்டால், ஒவ்வொன்றிலும் ஏற்படும் சிறு தாமதம் ஒன்றுபோல் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒரே தவில் இரண்டு மைக்கில் விழும் இடத்தில் ஓசை மெலியும். ஆகவே கச்சேரிக்கு முன் ஒவ்வொரு பெட்டியின் கிளாக் மெனுவையும் திறந்து பார்க்க வேண்டும். ‘இன்டர்னல்’, அதாவது சொந்தக் கிரிஸ்டல், என்று ஒன்றில் மட்டும்தான் இருக்கலாம்.