பார்த்து வரைவது பிழையா?

"பார்த்து வரைந்ததுதானே!" என்று ஒரு படத்தைக் குறைத்துப் பேசுவது நம்மிடையே வழக்கம். ஆனால் எண்ணெய் வண்ணத்தில் இயற்கைக் காட்சிகளைத் தீட்டிப் புகழ்பெற்ற ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள், பார்த்து வரைந்தே பலவற்றைக் கற்றார்.

1795-இல், அவருக்கு ஏறத்தாழ 19 வயதாக இருந்தபோது, சர் ஜார்ஜ் போமாண்ட் என்னும் செல்வர் அவருக்கு ஒரு சிறு படத்தைக் காட்டினார். கிளாட் லொரேன் 1646-இல் தீட்டியது அது. தலைவியை விட்டு ஓடிய ஆகாருக்கு வானதூதர் தோன்றும் விவிலியக் காட்சி. உயரம் 52 சென்டிமீட்டர்தான். போமாண்ட் பயணம் போகும்போதெல்லாம் வண்டியில் அதையும் எடுத்துச் செல்வார். நாட்டுக்குக் கொடுத்த பிறகும் பிரிவைத் தாங்காமல், தம் ஆயுள்வரை வைத்துக்கொள்ளத் திரும்பக் கேட்டு வாங்கினார்!

உயர்ந்த மரங்கள், நடுவே ஆறு, தொலைவில் மங்கும் நிலம் என்ற அதே அமைப்பில் கான்ஸ்டபிள் 1802-இல் தம் ஊர்ப்பக்கத்து டெடம் பள்ளத்தாக்கைத் தீட்டினார்.

பார்த்து வரைவதால் என்ன தெரியவரும்? முடிந்த படத்தைக் கண் ஒரே பார்வையில் பார்த்துவிடுகிறது. கைக்கோ வரிசை வேண்டும். முதலில் மங்கிய நிறத்தில் மெல்லிய அடிப்பூச்சு, பிறகு வானம், தொலைமலை, அதன்பின் நடுநிலம், கடைசியில் அருகிலுள்ள மரமும் இலையும். அடிப்பூச்சில் டர்பன்டைன் கூடுதலாகவும், மேலே வரவர ஆளிவிதை எண்ணெய் கூடுதலாகவும் இருக்கவேண்டும். எண்ணெய் மிகுந்த பூச்சு மெதுவாகக் காயும். அது அடியில் இருந்தால் மேற்பூச்சு வெடித்துவிடும். தொலைவிலுள்ள பச்சை, நீலம் கலந்து வெளிறுவதையும் அப்போதுதான் உணர்வோம். புத்தகத்தில் அச்சான படத்தைப் பார்த்து வரைந்தால் அமைப்பைக் கற்கலாம். வண்ணத்தின் கனம் அதில் தெரியாது.

கான்ஸ்டபிள் 1823-இல் மீண்டும் மாணவரானார். 'வைக்கோல் வண்டி' என்னும் புகழ்பெற்ற படத்தை அவர் தீட்டி இரண்டாண்டுகள் ஆகியிருந்தன, வயது 47. போமாண்டின் கோலார்ட்டன் மாளிகையில் பல வாரங்கள் தங்கி, கிளாடின் 'ஆட்டிடையன்' படத்தைப் பார்த்து வரைந்தார். வீட்டில் பிள்ளைகளோடு காத்திருந்த மனைவி மரியாவுக்கு இது பிடிக்கவில்லை. யாருக்குத்தான் பிடிக்கும்? அந்தப் பிரதி இன்று சிட்னி நகர ஓவியக்கூடத்தில் இருக்கிறது.

ஆனாலும் எல்லாவற்றையும் அவர் ஏற்கவில்லை. இயற்கைக் காட்சிக்குப் பழைய வயலினின் பழுப்பு நிறமே ஏற்றது என்பது போமாண்டின் கருத்து. கான்ஸ்டபிள் ஒரு பழைய வயலினை எடுத்து, வீட்டின் முன்னிருந்த பசும்புல்லின்மேல் வைத்துக் காட்டினாராம்! அவருடைய நண்பர் லெஸ்லி இதை எழுதிவைத்துள்ளார். பழைய படங்களின் மேலுள்ள வார்னிஷ் காலப்போக்கில் மஞ்சளாகும். நீல வானமும் பச்சையாகத் தெரியும். கவனமின்றிப் பார்த்து வரைபவர் அந்த அழுக்கையும் சேர்த்து வரைந்துவிடுவார்.

பாரிஸிலுள்ள லூவர் காட்சியகத்தில் இன்றும் அனுமதி பெற்றுப் பார்த்து வரையலாம். ஆனால் பிரதியின் அளவு மூலப்படத்தின் அளவிலிருந்து மாறுபடவேண்டும். மூல ஓவியரின் கையொப்பத்தை இடக்கூடாது. பயிற்சிக்கும் மோசடிக்கும் நடுவே உள்ள வேலி அது.

கான்ஸ்டபிள் மேகங்களையும் இரு வழியில் கற்றார். அலெக்சாண்டர் கோசன்ஸ் என்பவரின் மேகப் படங்களைப் பார்த்து வரைந்தார். ஹாம்ஸ்டெட் குன்றில் 1821, 1822 ஆம் ஆண்டுகளில் வானத்தையே பார்த்தும் தீட்டினார். அவற்றில் பலவற்றின் பின்புறம் தேதி, நேரம், காற்றின் திசை ஆகியவற்றையும் குறித்துவைத்தார்.